எட்டாம் அம்பாரமும் ஒரு நாள் குறைவும்

இந்த ஆண்டு பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கும் உங்களில் ஒருவர், தணிக்கையாளராகும் தகுதியைப் பெற என்னென்ன வேண்டும் என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். இன்றைய விதிகளை என்னைவிட நீங்களே நன்கு அறிவீர்கள். என் காலத்து விதிகள் எளியவை. பதிவு பெற்ற தணிக்கையாளர் ஒருவரிடம் மூன்றாண்டு பயில வேண்டும். முழுமையாகப் பயின்றேன் என்று அவர் கையெழுத்திட வேண்டும். பிறகு பரீட்சை. இவற்றில் பரீட்சை எனக்குத் தடையாக இருக்கவில்லை. மூன்றாண்டில் எனக்கு ஒரு நாள் குறைந்தது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மாடியறையில் எங்கள் அலுவலகம் இருந்தது. சாளரத்தைத் திறந்தால் துறைமுகத்துத் தோணிகளின் பாய்மரங்கள் தெரியும். எங்கள் ஆடிட்டர் அறுபதை நெருங்கியவர்; இழுப்பு நோய்க்காரர்; மிகக் குறைவாகப் பேசுவார். பெண்ணொருத்தியைப் பயிற்சிக்கு எடுப்பதா என்று ஊரில் எழுந்த கேலியை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் தனிச்சலுகை எதுவும் காட்டவும் இல்லை. இரண்டுக்கும் நான் நன்றியோடிருந்தேன்.

என் தகப்பனார் உடன்குடியில் கருப்பட்டி வியாபாரி. ஒப்பந்தத்துக்கான தொகையைக் கட்டியவர் அவர். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். நாற்பத்தெட்டாம் ஆண்டுப் பரீட்சையை எழுதிவிட வேண்டும். எழுதாமற்போனால், அவர் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் சொல்லிவிடுவார். "அதுக்கு மேல என்னால ஊருக்குப் பதில் சொல்ல ஏலாது தாயி" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் வயதுடைய எங்கள் உறவுப் பெண்கள் எல்லோருக்கும் அப்போது இரண்டு குழந்தைகள் இருந்தன.

அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பவர்கள், மார்ச் மாதக் கடைசித் தேதிக்குள் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. என் மூன்றாண்டு முடிவதும் சரியாக அதே தேதியில்தான். ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஆனால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை; ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்திருந்தேன்.

அந்த மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில், முத்தையாபுரத்துக்குத் தெற்கேயுள்ள ஓர் உப்பளத்தின் இருப்பைச் சரிபார்க்க என்னைத் தனியே அனுப்பினார்கள். விளைந்த உப்பை வீட்டுக் கூரைபோல் நீளமாகக் குவித்து, மழைக்கு முன்னர் பனையோலை வேய்ந்து வைப்பார்கள். அந்தக் குவியலுக்கு அம்பாரம் என்று பெயர். அந்த உப்பளத்தில் ஒன்பது அம்பாரங்கள். ஏழு சாலைப் பக்கம். எட்டும் ஒன்பதும் கடல்நீர் ஓடைக்கு அப்பால்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்த வேலை மிகச் சுலபமானது. உப்புக்கு வரி இருந்தவரை ஒவ்வொரு அம்பாரத்தையும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களே எடைபோட்டு, அதன்மேல் முத்திரை பதித்து, பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். தணிக்கைக்குப் போகிறவர் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து, அந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். வரி நீங்கியது, முத்திரையும் நீங்கியது. புறப்படும்போது ஆடிட்டர் என்னிடம் சொன்னார்:

"இனிமே சர்க்கார் கண்ணு நமக்குக் கிடையாது. நீளம், அகலம், உயரம் மூணையும் நீயே டேப் பிடிச்சு அள. மேல ஏறி நாலு இடத்துல கம்பியக் குத்தச் சொல்லு. அடிவரைக்கும் உப்புதானான்னு உன் கண்ணு பாக்கணும்."

பங்குனி வெயிலில் உப்பளம் எப்படியிருக்கும் என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லி விளக்குவது கடினம். வெளிச்சம் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். முதல் அம்பாரத்தில் ஏணிவழி ஏறியபோது அளத்து ஆட்கள் நாற்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாவதில் ஓலை சறுக்கி முழங்காலில் விழுந்தேன். கீழே யாரோ சிரித்தார்கள். "ஏலே, கணக்குப்பிள்ள கும்பிடு போடுதாவ, நீங்களும் கும்பிடுங்கலே!" என்று ஒரு குரல். எழுந்து கம்பியைக் குத்தச் சொன்னேன், உயரத்தைக் குறித்தேன், இறங்கினேன். ஏழையும் அப்படியே முடித்தேன்.

ஓடைக்கரைக்கு வந்தபோது நண்பகல். தண்ணீர் முழங்காலளவு. கடக்க வேண்டுமானால் சேலையை உயர்த்திச் செருக வேண்டும். கரை நெடுக அந்த நாற்பது பேரும் நின்றார்கள்.

உப்பளத்து மேனேஜர் என் தயக்கத்தைப் பார்த்தார். ஐம்பது வயதுக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, மரியாதை தவறாதவர். உடைமரத்து நிழலில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் செய்தார். சொம்பில் மோரும் வந்தது.

"யம்மா, போதும் நீங்க பட்ட பாடு. ஒரே சேறு அங்கன. நம்ம மேஸ்திரி டேப்பப் பிடிச்சுச் சத்தமாச் சொல்லுவான். நீங்க இங்கன இருந்தே எழுதிக்கிடுங்க. எல்லா ஆடிட்டு ஐயாமாரும் இந்த நாற்காலியில இருந்துதான் எழுதுனாவ."

நான் உட்கார்ந்தேன்.

என் மேல் எனக்கிருந்த மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள, அது களைப்பினால் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டேன். அது களைப்பு அன்று, வெட்கம். மூன்றாண்டுகளாக எந்தச் சலுகையும் வேண்டாம் என்று இருந்தவள், அது சலுகை என்ற பெயரில் வராமல் மரியாதை என்ற பெயரில் வந்தபோது, அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஓடைக்கு அப்பாலிருந்து மேஸ்திரி எண்களைக் கூவினார். நான் எழுதினேன். தாளின் அடியில், ஒன்பது அம்பாரங்களையும் நேரில் ஏறி அளந்து கண்டேன் என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்திட்டேன்.

சாலையில் பஸ்ஸுக்காக நின்ற இடத்திலும் ஓர் உடைமரம். உப்புச் சுமக்கும் பெண்கள் நாலைந்து பேர் பெட்டிகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பேச்சி என்பவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

"ஏளா, நகண்டு இரிங்களா. அம்பாரம் ஏறுன அக்கா வாராவ" என்றாள் பேச்சி. "எத்தன ஏறுனிய யக்கா?"

"ஒன்பதும்" என்றேன்.

"ஒம்பதுமா? ஓடைக்கு அந்தால கெடக்கிற ரெண்டுமா?"

"ஆமாம்."

அவள் பார்வை என் சேலைக் கரைக்கு இறங்கியது. செம்மண் தூசி படிந்து, காய்ந்து கிடந்தது கரை.

"அப்பஞ்சரி. ஓடைத் தண்ணிக்கும் ஆளு தெரியும் போலுக்கு. எங்க சேலையத்தான் நனைக்கும்; படிச்சவிய சேலைய நனைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவள் ஒருத்தி மட்டும், "சும்மா கெடளா. அந்தப் பிள்ள மொகம் வாடிப் போச்சு பாரு. எட்டாம் நம்பர்ல ஏறித்தான் என்னத்தப் பாக்க? மண்ணயா?" என்றாள்.

"என்ன மண்?" என்று கேட்டேன்.

பேச்சி கையைக் கழுவிக்கொண்டே, ஊரறிந்த செய்தியைச் சொல்வதுபோல் சொன்னாள். "ஐப்பசி மழையில ஓடைக்கரை ஒடைஞ்சு, எட்டாம் அம்பாரம் கரைஞ்சுல்லா போச்சு. அஞ்சுல ஒரு பங்கு மிஞ்சியிருந்தாப் பெருசு. பொறவு மண்ண வெட்டிக் குவிச்சு, மேல ஒரு முழத்துக்கு உப்பப் பரப்பி ஓலை வேஞ்சாவ. நாந்தான மண்ணு சுமந்தேன். அன்னைக்கு அரை நாள் கூலி கூடக் குடுத்தாவ." பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் ஏறிப் பாத்தியளே."

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஆடிட்டர் வெளியே போயிருந்தார். என் மேசைமேல் ஒரு படிவம் இருந்தது. என் பயிற்சிக்கான சான்று. அவருடைய சாய்ந்த கையெழுத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அடியில் கையொப்பம் மட்டும் பாக்கி. இருப்புத் தாளை அதன் பக்கத்தில் வைத்தேன். அதைக் கோப்பில் சேர்த்துவிட்டால் ஐந்தே நாளில் அந்தப் படிவம் கையொப்பத்தோடு என் கைக்கு வந்துவிடும். உப்புச் சுமக்கும் பெண்ணின் பேச்சு ஆதாரமாகாது என்று எனக்கே ஒரு வாதமும் கிடைத்தது. அந்த வாதம் நன்றாகவே இருந்தது. நாம் பயில்வதெல்லாம் அத்தகைய வாதங்களைத்தானே? அன்று மாலை ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன் என்பதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் காலை அவர் வந்து அமர்ந்ததும் தாளை அவர்முன் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு கேள்விகள்தாம் கேட்டார்.

"ஓடையத் தாண்டல?"

"இல்லை சார்."

"இந்தக் கையெழுத்து?"

"என்னுடையதுதான் சார்."

கோபிப்பார் என்று நின்றேன். அவர் மைப்புட்டியை மூடிவிட்டுச் சாளரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"அந்த நாற்காலியில நானும் உக்காந்திருக்கேன். ஒரு வருசம் இல்ல, பல வருசம். முத்திரையப் பாத்தேன்; பதிவேட்டப் பாத்தேன். அம்பாரத்தப் பாக்கல. அந்த ஆளு உங்கிட்டச் சொன்னது பொய்யில்ல" என்றார். பிறகு எழுந்து குடையை எடுத்தார். "வா, போவோம்."

அன்று நான் ஓடையைக் கடந்தேன். சேலையை எவ்வளவு உயர்த்தினேன், யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் நினைவில் இல்லை. நேற்று மலையாகத் தெரிந்தது, இன்று முழங்கால் தண்ணீராக இருந்தது. ஆடிட்டரால் கடக்க இயலவில்லை. கரையில் குடையோடு நின்றார். நாற்காலி வந்தது, அவர் உட்காரவில்லை.

மேலே ஏறி ஓலையை விலக்கச் சொன்னேன். கம்பி ஒரு முழம் சிரமப்பட்டு இறங்கியது. பிறகு வழுக்கிக்கொண்டு போயிற்று. வெளியே இழுத்தபோது நுனியில் கருஞ்சேறு அப்பியிருந்தது. நான்கு இடங்களில் குத்தினோம். நான்கிலும் அதே சேறு. ஒன்பதாம் அம்பாரம் அடிவரை உப்பாகவே இருந்தது.

மேனேஜர் ஏணியடியில் நின்றார். நான் இறங்கும்வரை பொறுத்திருந்து, மற்றவர் காதில் விழாத குரலில் பேசினார்.

"யம்மா, கரைய ஒசத்தணும்னு மொதலாளி புரட்டாசியிலயே சொன்னாவ. நாந்தான் ஆளு கிடைக்கலன்னு தள்ளிப் போட்டேன். திருடல யம்மா, ஒரு மணி உப்பு நான் திருடல. வார சீசன்ல சத்தங்காட்டாம நிரப்பிருவேன். மூணு பொம்பளப் பிள்ளையக் கரையேத்தணும் எனக்கு."

அவர் கரைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு மேலும் சொன்னார்: "அதுவும் போக, நேத்தைக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கிய. இன்னைக்கு வேற எழுதுனா மொதல்ல கெடப் போறது உங்க பேருதான். பரீட்சை எழுதப் போற பிள்ள."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை என்பதே என்னைத் தடுமாறச் செய்தது. பொய்யைத் தள்ளுவது அவ்வளவு கடினமன்று. தன் அச்சத்தை மறைக்காமல் முன்னால் நிற்கும் ஒரு மனிதரைத் தள்ளுவதுதான் கடினம். நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். ஆடிட்டர் குடைக்கடியில் அசையாமல் நின்றார். தலையசைப்பு ஒன்றை எதிர்பார்த்தேன். வரவில்லை. கையெழுத்து என்னுடையது, முடிவும் என்னுடையதாக இருக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார் என்பது பிறகுதான் விளங்கிற்று.

"கரை உடைந்ததையும் நீங்கள் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன். திருட்டு என்று எழுத மாட்டேன். உப்பு என்றும் எழுத முடியாது" என்றேன்.

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து போனார்.

புதிய தாளை எழுதிய பிறகு பழையதைக் கிழிக்கப் போனேன். ஆடிட்டர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்திக் கோப்பில் வைத்தார். அன்று பிற்பகலே உப்பளத்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இந்த ஆண்டின் உண்மையை மட்டுமல்லாமல், முந்தைய ஆண்டுகளில் தாம் எந்த அம்பாரத்திலும் ஏறிப் பார்த்ததில்லை என்பதையும் அதில் சொல்லியிருந்தார். கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான். அந்த வாடிக்கை போய்விடும் என்றே இருவரும் நினைத்தோம், போகவில்லை. ஆனால் அடுத்த மாதம் மேனேஜர் இருக்கையில் வேறொருவர் இருந்தார். பழையவர் குடும்பத்தோடு நாசரேத் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய பெண்களைப் பற்றி விசாரிக்கும் துணிவு எனக்கு வரவில்லை. முதல் நாளே நான் ஓடையைக் கடந்திருந்தால் அவர் கதி மாறியிருக்காது. ஆனாலும் என் கையெழுத்தை நம்பி ஓர் இரவு நிம்மதியாக உறங்கியிருப்பார் அல்லவா? அந்த ஓர் உறக்கத்துக்கு நான் கடன்பட்டவள்.

மார்ச் கடைசி நாள் வந்தது. மாலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர்முன் நின்றேன். அவர் பேனாவை எடுத்தார், கீழே வைத்தார்.

"மூணு வருசம் முடியலியே. ஒரு நாள் குறையுது."

எனக்கு விளங்கவில்லை.

"அந்த நாற்காலியில இருந்த நாளு. அன்னைக்கு நீ பயிற்சியில இருந்தேன்னு நான் எப்படி எழுத?"

"சார், இன்றைக்குக் கடைசித் தேதி. நாளை என்றால் அடுத்த ஆண்டுதான் எழுத முடியும்."

"தெரியும்."

என் தகப்பனாரின் நிபந்தனையும் அவருக்குத் தெரியும். அழக் கூடாது என்று நின்றேன். ஒரு வழி தோன்றியது. "அந்த நாளை விடுப்பாக வைத்துக்கொள்ளலாமே சார்? நான் விடுப்பே எடுத்ததில்லை. விதி அனுமதிக்கிறதே."

அவர், மிக மெதுவாக, "லீவுல இருக்கிறவ கையெழுத்துப் போட மாட்டாளே அம்மா" என்றார்.

அவர் என்னை அம்மா என்று அழைத்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் ஏப்ரல் முதல் தேதி, வழக்கம்போல் வேலைக்குப் போனேன். மாலையில் அவர் கையொப்பமிட்டார். முடிவு நாள் என்ற கட்டத்தில் மார்ச் தேதியை அடித்துவிட்டு, ஏப்ரல் ஒன்று என்று எழுதி, பக்கத்தில் தம் சுருக்கொப்பமும் வைத்தார்.

தகப்பனார் உடன்குடியிலிருந்து வந்தார். படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதிலிருந்த ஆங்கிலம் தெரியாது. அடித்து எழுதிய தேதி தெரிந்தது. நடந்ததைக் கேட்டார். சொன்னேன்.

"ஒரு நாளுக்கு ஒரு வருசமா? உங்க ஆடிட்டரு வாங்குத வட்டிய எங்க பஜார்ல ஒருத்தனும் வாங்க மாட்டான்" என்றார். "ஓலைக் கொட்டான்ல கருப்பட்டி வாங்குனா, நான் மேல பாக்க மாட்டேன் தாயி. அடியில இருந்து ஒண்ண எடுத்து ஒடைப்பேன். உள்ள மணல் இருந்தா அந்த ஆளுகிட்ட மறுபடி வாங்க மாட்டேன்." படிவத்தை மடித்து என்னிடம் தந்தார். "நீயே ஒடைச்சுக் காட்டிட்ட. சரி, இன்னும் ஒரு வருசம். மாப்பிள்ள வீட்டுக்கு நான் ஆள் விட்டுச் சொல்லிக்கிடுதேன்."

ஆடிட்டர் செய்தது சரிதானா என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். விதியின் எழுத்து அவரை அப்படிச் செய்யக் கட்டாயப்படுத்தவில்லை. வேறொருவராக இருந்திருந்தால் கையொப்பமிட்டிருப்பார். அவரையும் நான் மதித்திருப்பேன். உங்களிடம் பயில வரும் ஒருவருக்கு இப்படி ஒரு நாள் குறைந்தால், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் தெரியும். காணாததைக் கண்டேன் என்று நான் எழுதிய அதே வாரத்தில், தாம் காணாத ஒரு நாளைக் கண்டதாக எழுத அவருக்குக் கை வரவில்லை. தம் பழைய ஆண்டுகளுக்காகவும் அவர் அன்று பேனாவைக் கீழே வைத்தார் என்றே நினைக்கிறேன்.

அந்த ஓராண்டும் அதே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மறு பங்குனியில், பரீட்சைக்கு முன்னால், அதே உப்பளத்துக்குப் போனேன். ஒன்பது அம்பாரங்கள். ஓடையைப் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் கடந்தேன். அளத்து ஆட்களில் ஒருவரும் வேலையை நிறுத்தவில்லை.

சாலையோர உடைமரத்தடியில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். பேச்சி கஞ்சிக் கலயத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். எத்தனை ஏறினேன் என்று அவள் கேட்கவில்லை. முழங்கால்வரை நனைந்து, உப்புப் பூத்து, வெயிலில் விறைத்துக் கிடந்த என் சேலைக் கரையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த தன் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் தூசி போக்கி, என் பக்கம் தள்ளினாள்.

"இரிங்க யக்கா" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.